மூன்று நாள் விடுப்பு

எங்கள் கல்லூரி முதல்வர் ‘தரம்’ என்ற சொல்லைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார், சாமி கும்பிடுகிறவர் மாதிரி. இன்றைக்கும் மேடையில் யாராவது கல்வியின் தரம் என்று ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். இத்தனை வருஷமாகியும் அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. புனேயில் ஒரு கல்லூரியில் நான் பி.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கட்கியில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். அப்பா பாதுகாப்புத் துறை ஃபேக்டரி ஒன்றின் ஸ்டோரில் கிளார்க். வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே வந்து சேர்ந்தவர். எங்கள் வரிசையில் பாதி வீடு தமிழ், அதிலும் பாதி வேலூர்த் தமிழ். வாசலைத் தாண்டினால் இந்தி, பஸ் ஏறினால் மராத்தி, கல்லூரிக்குள் போனால் இங்கிலீஷ். எனக்கு நாலும் வரும், எதையும் யாரும் மெச்சிக்கொண்டதில்லை.

அந்த வருஷம் தீபாவளி லீவு முடிந்து கல்லூரி திறந்தபோது சர்க்காரிலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது. உயர்கல்விச் சீர்திருத்தம் என்று பெயர். பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். சாரம் இவ்வளவுதான்: அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் கல்லூரி எம்.எஸ்ஸி.க்குச் சர்க்கார் மானியம் கிடையாது. இனிமேல் கல்லூரிகள் தங்கள் சொந்தக் காலில் நிற்கவேண்டுமாம். சொந்தக் கால் என்றால் யார் கால், எங்கள் அப்பன்மார் கால்தான். மானியம் இருந்தால் என்னைப் போன்றவள் எம்.எஸ்ஸி. படிக்கலாம். இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று அச்சடித்து அனுப்பிவைப்பார்கள். என் வகுப்பில் முதல் மார்க் நான். எம்.எஸ்ஸி.யைத் தவிர வேறு எதையும் நான் அப்போது யோசித்ததே இல்லை.

முதல்வர் எங்களைக் கூடத்தில் கூட்டிவைத்து, கண்ணை மூடித் தரம் என்றார். கட்டணம் கூடினால் தரம் கூடும் என்றார். அவருடைய மகன் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தான். இது எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலமே போராட்டம் என்று முடிவாயிற்று.

எங்களுக்கு ஒரு தலைவன் இருந்தான். எம்.ஏ. இரண்டாம் வருஷத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் நீளமான குங்குமம், புல்லட் வண்டி. அவன் சித்தப்பாவோ பெரியப்பாவோ ஏதோ ஒரு கட்சியில் இருந்தார். தட்டிகளை நான்தான் எழுதினேன், என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதால். ஒவ்வொரு தட்டியையும் தூக்கிப் பார்த்துவிட்டு மராத்தியில் சொன்னான்: “மத்ராஸி, நீ எழுது. ஆனா கோஷம் போடும்போது வாயைத் திறக்காதே, சிரிப்பு வரும்.” கூட இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அப்படிச் சிரித்துவைத்ததற்காகவே என்னை நானே நாலு அறை அறையலாம்.

கல்வி எங்கள் உரிமை, எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. இதுதான் கோஷம். மராத்தியில் கேட்க நன்றாக எதுகையோடு இருக்கும்.

மறுநாள் காலை வீட்டில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. சாணித்தாள் அட்டையும் பெயிண்டும் என் பையில் இருந்தன, மறைக்க முடியாது. அம்மா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னாத்துக்குடி உனக்கு இந்த வேல? பொட்டப்புள்ள ரோட்ல குந்திகினு கத்தப் போறியா? போலீஸ்காரன் புடிச்சிகினு போனா எவன்டி உன்னக் கட்டுவான்?”

அப்பா பூட்சுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “எத்தன நாளு?” என்றார்.

“மூணு நாள்னு சொல்லிக்கிறாங்க.”

“இன்னிலேர்ந்தா?”

“ஆமா.”

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்பாவைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபேக்டரியில் இரண்டு நாள் ஸ்டிரைக் நடந்ததாம். அவருடைய சிநேகிதர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு நாளும் வீட்டில் இருந்துவிட்டார். அதற்கு ‘பிரேக் இன் சர்வீஸ்’ என்று அவர் சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் ஏற்றிவிட்டார்கள். அதுவரை உழைத்த வருஷமெல்லாம் உழைக்காத வருஷமாகிவிட்டது. அப்பாவும் அதே இரண்டு நாள் போகவில்லைதான். ஆனால் ஸ்டிரைக்கில் கலந்துகொள்வதால் வர இயலாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிவைத்திருந்தார். அவருக்குச் சம்பளப் பிடித்தத்தோடு போயிற்று. அன்றிலிருந்து காகிதம்தான் அவருக்குக் குலதெய்வம். “எழுதிக் குடுக்காம வூட்ல குந்தினா அது திருட்டுத்தனம். எழுதிக் குடுத்துட்டா எவனும் ஒண்ணும் புடுங்க முடியாது” என்பார்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அவர் கொடுத்த லீவு லெட்டர்களின் கார்பன் நகல் அத்தனையும் இருந்தது. ஃபேக்டரி கார்பன் தாளைத் தொடமாட்டார். கட்கி பஜாரில் சொந்தமாக வாங்குவார். தன் கல்யாணத்துக்குக் கொடுத்த லெட்டரில், ‘எனது சொந்தத் திருமணத்தில் கலந்துகொள்ளும் பொருட்டு’ என்று இங்கிலீஷில் எழுதியிருப்பார். “பொண்ணு பாக்க வந்தப்ப இந்த மன்சன் வாயே தொறக்கல, ஆபீசருக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதிகீறாரு” என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒன்றாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டபோதும் டீச்சரிடம் லெட்டர் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துக் கேட்டவர். வகுப்பே சிரித்ததாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அவமானத்தின் முதல் பாடம் அதுதான்.

போராட்டம் மூன்று நாள் நடந்தது. முதல் நாள் கல்லூரி வாசலில் உட்கார்ந்தோம். இரண்டாம் நாள் சாலையில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். தட்டி பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நான். போலீஸ் வேன்கள் குறுக்கே வந்து நின்றபோது திரும்பிப் பார்த்தேன், புல்லட்டையும் காணோம், தலைவனையும் காணோம். எனக்கு முழங்கையில் லத்தி பட்டது. என் தட்டியைப் பிடுங்கி எறிந்த பெண் போலீஸ், “வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தி போடு” என்றாள். அவளும் ஒரு கூலிக்காரிதான் என்று இப்போது சில பேர் எனக்குச் சமாதானம் சொல்கிறார்கள். கூலிக்கு அந்த வார்த்தையையும் சேர்த்தா கொடுத்தார்கள்? அவள் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வாரத்தில் செய்தி வந்தது. உத்தரவை ஒரு வருஷம் தள்ளிவைத்திருக்கிறார்கள், இன்னும் ஒரே ஒரு பேட்ச் மானியத்தில் எம்.எஸ்ஸி. படிக்கலாம். அந்தக் கடைசி பேட்ச் நாங்கள்தான். தலைவன் எங்கிருந்தோ வந்து சேர்ந்து மாலை போட்டுக்கொண்டான். பேடா கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

முதல்வர் சும்மா இருப்பாரா? தோற்றவருக்கு ஆத்திரம் அதிகம். பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் சமயத்தில் நோட்டீஸ் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். நாற்பது சொச்சம் பெயர். போராட்டத்தில் கலந்துகொண்டதால் இவர்களுக்கு ‘டர்ம்’ மறுக்கப்படுகிறது என்று போட்டிருந்தது. டர்ம் கிடைக்காவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் பரீட்சை இல்லை, வருஷம் போச்சு. மற்றவர்களுக்கு ஒரு வருஷம்தான் போகும். எனக்கு அந்த ஒரு வருஷத்தோடு எம்.எஸ்ஸி.யும் போகும். எந்தக் கதவைத் திறக்கச் சொல்லி அடிவாங்கினேனோ அது என் மூக்கு நுனியில் சாத்திக்கொள்ளும்.

எங்கள் கல்லூரியில் இதற்கெல்லாம் வழி இருந்தது. மஞ்சள் காமாலை. எந்த டாக்டரிடமாவது ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி, பிள்ளை அந்த மூன்று நாளும் காமாலையில் படுத்திருந்தான் என்று அப்பன் கையெழுத்தோடு ஒரு லெட்டரும் வைத்தால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். முதல்வருக்கும் ஊர்வம்பு வேண்டாம், அவர் வீறாப்பும் குறையவில்லை. நாளுக்கு நாள் பட்டியல் சுருங்கிற்று. அந்த வருஷத்துக் கோப்புகளை யாராவது பார்த்தால் ஊர்த் தண்ணீரிலேயே ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். தலைவனுக்கும் காமாலைதான். நாற்பது இருபதாயிற்று, ஏழாயிற்று, மூன்றாயிற்று. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் ஒரே ஒரு பெயர். என் பெயர்.

இத்தனைக்கும் நானும் கட்கி பஜார் டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி, அப்பாவின் லெட்டர் பின்னால் வரும் என்று சொல்லி ஆபீசில் கொடுத்திருந்தேன். நேரே ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன். அங்கே கிளார்க்குகளைப் பாவ்சாகேப் என்றுதான் கூப்பிட வேண்டும். வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு ஒருவர் இருந்தார். என் பெயரைக் கேட்டதும் கோப்பை எடுத்தார்.

“உனக்குச் செல்லாது.”

“ஏன்? எல்லாருக்கும் செல்லுது.”

“மத்தவங்களுக்கு எதிரா எங்ககிட்ட ஆதாரம் இல்ல. உனக்கு எதிரா இருக்கு” என்று நூல் கோத்த கோப்பைத் திருப்பி, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்தே காட்டினார்.

அச்சுப்போன்ற கையெழுத்து. பொருள்: மாணவர் போராட்டத்தில் கலந்துகொள்வதற்காக மூன்று நாள் விடுப்பு. மூலையில் கல்லூரியின் உள்வரவு முத்திரை, போராட்டம் தொடங்கிய அதே நாள். கீழே அப்பாவின் கையெழுத்து. அதற்கு மேல் படிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

“அன்னிக்கு ஆபீஸ் திறந்ததுமே உன் அப்பாவே வந்து கொடுத்தார்” என்றார் பாவ்சாகேப். “நகலில் முத்திரை வேணும்னு கால்மணி நேரம் நின்னார்.”

பின்னால் நின்ற இரண்டு பையன்கள் சிரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. தலைவன் கேண்டீனில் என்னை நிறுத்தி, “போராட்டத்துக்கு லீவ் லெட்டரா? உங்க ஊர்ல எல்லாரும் இப்படியா?” என்றான். நியாயமாக அவன் கையில் இருந்த சாயாவைப் பிடுங்கி அவன் வெள்ளைச் சட்டையில் ஊற்றியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அப்பாவின் மேல் அத்தனை கோபத்தையும் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் ஃபேக்டரியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“இன்னாப்பா பண்ணி வெச்சிருக்கே? போராட்டத்துக்கு எவனாவது லீவு லெட்டர் குடுப்பானா?”

“ஏன், குடுத்தா இன்னா? நான் குடுத்தேனே.”

“அது உன் ஃபேக்டரி. இது காலேஜு. ஒருத்தன் பாக்கியில்லாம தப்பிச்சிட்டான். நான் மட்டும் மாட்டிகினேன், உன்னால.”

பட்டியல், காமாலை, ஹால் டிக்கெட், எல்லாவற்றையும் கத்திக்கொண்டே சொன்னேன். அம்மா கதவைச் சாத்தினாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார், ஸ்டோரில் சரக்கு வரவு பார்க்கிறவர் போல.

“இப்ப இன்னா பண்ணணும்ங்கறே?”

“இன்னொரு லெட்டர் குடு. அத்த தெரியாம எழுதிட்டேன், பொண்ணு காமாலைல படுத்திருந்தா, அப்படின்னு.”

“படுத்திருக்கலியேம்மா” என்றார்.

“தெரியும்.”

“எழுதிக் குடுத்து, முத்திர போட்டு, உள்ள போன காகிதம்மா அது. ரெக்கார்டு. அத்த நானே பொய்யின்னு எப்படிச் சொல்றது? ரெக்கார்ட மாத்தினவன் வேல போனத நான் கண்ணால பாத்திருக்கேன். நான் வேணும்னா நாளைக்கு வந்து பிரின்சிபாலப் பாக்கறேன்.”

“நீ வராதே” என்றேன். “வந்த வரைக்கும் போதும். காலுக்குக் கிளிப்பு மாட்டிகினு சைக்கிள்ல வந்து நின்னு மானத்த வாங்கினது போதும்.”

இப்படித்தான் சொன்னேன். ஒரு வார்த்தையையும் நான் இங்கே கூட்டவில்லை. அவர் குனிந்து, அதுவரை மாட்டியிருந்த சைக்கிள் கிளிப்பைக் கால்சட்டையிலிருந்து கழற்றி ஜன்னலில் வைத்தார். நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை. அரிச்சந்திரன் வீட்டில் பிறந்தால் சுடுகாடுதான் மிச்சம் என்று அம்மாவிடம் அவர் காதுபடச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் பாவ்சாகேப்பிடம் போய், புது லெட்டர் வந்தால் பழையதை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். அந்த ஆள் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அவரும் ஒரு பெண்ணைப் பெற்றவராம். என்ன எழுத வேண்டும் என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார்: பழைய கடிதம் செல்லாது என்றால் மட்டும் போதாது, ஏன் செல்லாது என்று காரணம் வேண்டும், முதல்வர் கேட்பார். “அப்பாவுக்கு அப்போ மனநிலை சரியில்லேன்னு போடு. அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க.”

அன்று மத்தியானம் லைப்ரரியில் உட்கார்ந்து எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. லெட்டர் எழுதக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். கையெழுத்தையும் அவரைப் பார்த்துத்தான் பழகினேன், எனக்கும் அவருக்கும் ஒரே எழுத்து. போராட்ட நாட்களில் என் மகள் மஞ்சள் காமாலையால் படுக்கையில் இருந்தாள். பார்வையில் கண்ட கடிதம் எனக்கு மனநிலை பாதிக்கப்பட்டிருந்த சமயத்தில், என்ன செய்கிறேன் என்று அறியாமல் எழுதியது. அதைத் தள்ளுபடி செய்து என் மகளை மன்னிக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன். கீழே அவர் கையெழுத்தைப் போட்டேன். உண்மையைச் சொன்னால் ஒரு மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது. உன் காகிதத்தை உன் காகிதத்தாலேயே அடிக்கிறேன் பார் என்று இருந்தது.

பாவ்சாகேப் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். உள்வரவு முத்திரை குத்தினார். கோப்பின் நூலை அவிழ்த்து, பழைய லெட்டரை உருவி, புதியதை அதே ஓட்டையில் கோத்தார். பழையதை நாலாக மடித்துக் கம்பிக்கு இந்தப் பக்கம் நீட்டினார். “இது இங்க இருக்கக்கூடாது. எடுத்துகிட்டுப் போ.”

கட்கி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அதைப் பிரித்தேன். கிழித்துப் போடுவதற்காகத்தான் பிரித்தேன். ஃபேக்டரி இங்கிலீஷில், வணக்கத்தோடு தொடங்கி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“மேற்கண்ட மூன்று நாட்களும் என் மகள் கல்லூரி வாசலில் நடக்கும் போராட்டத்தில் கலந்துகொள்கிறாள். சர்க்கார் உத்தரவை நானும் வாங்கிப் படித்தேன். மானியம் நின்றால் என்னைப் போன்றவர்களின் பிள்ளைகள் மேலே படிக்க முடியாது. ஆகவே கோரிக்கை நியாயமானது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அவள் என் சம்மதத்தோடுதான் வருகிறாள். உடம்பு சரியில்லை என்று பொய்க் காரணம் எழுத எனக்கு விருப்பமில்லை. என் மகள் செய்வது மறைக்க வேண்டிய காரியம் அல்ல. இதற்காக நடவடிக்கை ஏதும் எடுப்பதாக இருந்தால் அவளை விட்டுவிட்டு முதலில் என்னை அழைத்து விசாரிக்கும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.”

பஸ் வந்து போயிற்று. அடுத்ததும் போயிற்று.

அந்த உத்தரவை அவர் எப்போது, எங்கே வாங்கிப் படித்தார் என்று எனக்குத் தெரியாது. தட்டி எழுதிய நான் படிக்கவில்லை. தலைவன் படித்திருக்கவே மாட்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனிதர். சண்டை போட்ட அன்றைக்காவது, அந்த லெட்டரில் என்ன எழுதினேன் என்று படித்துப் பாரடி என்று சொல்லியிருக்கலாம். நகல் அடுத்த அறையில் டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. இதற்காகவும் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, இப்போதும்.

லெட்டரைக் கிழித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அவர் கண்ணில் படும் என்ற பயம். சின்னச் சின்னதாகக் கிழித்து பஸ் நிறுத்தத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். திரும்பப் போய்ப் புதிய லெட்டரைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று தோன்றியது. ஆபீஸ் ஐந்தரை வரைக்கும் திறந்திருக்கும், மணி நாலேகால்தான் ஆகியிருந்தது. போகவில்லை. எனக்கு எம்.எஸ்ஸி. வேண்டியிருந்தது.

மறுநாள் நோட்டீஸ் பலகையில் பட்டியலே இல்லை, நாலு மூலையிலும் பசை மட்டும் இருந்தது. அடுத்த வாரம் ஹால் டிக்கெட் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“லீவு சாங்ஷன் ஆயிடுச்சா?”

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ சந்தேகம் இருந்தது.

“ஆயிடுச்சிப்பா” என்றேன்.

“நான் சொல்லல? எழுதிக் குடுத்துட்டா எவனும் ஒண்ணும் பண்ண முடியாது.” கை கழுவிவிட்டு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். நகலை எடுத்து, மூலையில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று இங்கிலீஷில் எழுதித் தேதி போட்டார். இவ்வளவு நாளாக என் மேல் அவருக்கும் வருத்தம் இருந்திருக்கும். அன்றைக்கு அது அத்தனையும் போய்விட்டது. பஜாருக்குப் போய் ஜிலேபி வாங்கிவந்தார்.

பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன். கடைசி மானிய பேட்ச்சில் எம்.எஸ்ஸி. முடித்தேன். ரஞ்சன்காவ் ஃபேக்டரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது, கம்பெனி பஸ்ஸில் போக வர மூன்று மணி நேரம். நான் தின்ற சோறெல்லாம் அந்தக் கள்ளக் கையெழுத்துப் போட்ட சோறுதான். எனக்கு அடுத்த பேட்ச்சிலிருந்து மானியம் நின்றுவிட்டது, யாரும் போராடவில்லை. தலைவன் ஒரு தனியார் கல்லூரியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனும் இப்போது கண்ணை மூடிக்கொண்டுதான் தரம் என்று சொல்வானாக இருக்கும்.

அப்பா ரிடையர் ஆகும்வரை அந்தக் கதையை ஃபேக்டரி கேண்டீனில் சொல்லிக்கொண்டிருந்தார். என் மகள் போராடினாள், நான் எழுதிக் கொடுத்தேன், நாற்பது பேரும் காமாலை என்று பொய் சொன்னார்கள், இவள் ஒருத்திதான் உண்மையைச் சொல்லித் தேறினாள். குவார்ட்டர்ஸுக்கு யார் வந்தாலும் நகல் வெளியே வரும். எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடமும் காட்டினார். அவர்கள் என்ன நினைத்தார்களோ, ஜாதகத்தோடு அதையும் வாங்கிப் படித்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் அவருடைய குலதெய்வத்தை நான் உடைத்ததாகும் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் சால்ஜாப்புதான், எனக்கு பயம்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு தேஹு ரோடு பக்கம் வாடகை வீட்டுக்குப் போன பிறகு, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு வருஷம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். டிவியில் மராத்திச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. புனேயில் மாணவர்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள், மறுபடியும் ஏதோ சீர்திருத்தம், மறுபடியும் தட்டி. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இதுங்க எழுதிக் குடுத்துட்டு வந்திருக்குமா?” என்றார்.

“எங்கப்பா குடுக்கப் போறாங்க.”

“மாட்டிக்கும்ங்க.” நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்டார்: “ஏம்மா, என் லெட்டரு அந்தக் காலேஜ் ஃபைல்ல இன்னும் இருக்குமில்ல?”

சாம்பல் பூத்திருந்த அந்தக் கண்ணோடு என்னையே பார்த்தார். அந்தக் கோப்பில் அவர் பெயரில், அவர் கையெழுத்தில், முத்திரையோடு ஒரு லெட்டர் இருக்கத்தான் செய்கிறது. தனக்கு மனநிலை சரியில்லை என்று அதில் எழுதியிருக்கிறது.

“இருக்கும்ப்பா” என்றேன். “ரெக்கார்டாச்சே.”